ஐப்பசியில் இல்லாத சாலை

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். பெயரைச் சொல்லிச் சங்கடப்படுத்தப் போவதில்லை. மரியாதையான குரல்.

"ரிட்டயர் ஆனவங்கள தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க சார். காரைக்கால் ஏரியா நீங்கதான் பாத்தீங்கன்னு சொன்னாங்க. அம்பகரத்தூருக்கும் திருநள்ளாறுக்கும் நடுவுல, மெயின் ரோட்டுலேருந்து உள்ள பிரியிற ஒரு ரோடு. மத்த மூணு கம்பெனி மெஷின்லயும் இருக்கு. நம்மகிட்ட மட்டும் இல்ல. ஒப்பிட்டுப் பாத்ததுல நமக்கு ஒரு மார்க் குறையுது. சேத்துரலாமா சார்?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு வரி மெயில் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். வேலைக்குப் புதிதாய் வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீளமாகவே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இந்த ஆபத்து உண்டு.

நீங்கள் ஏசி அறையில் நான்கு திரைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுகிறீர்கள். நாங்கள் ஒரே காரின் டேஷ்போர்டில் வழி சொல்லும் மேப் மெஷின்கள் நான்கை ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். ஒன்று நம்முடையது, மூன்று அடுத்தவர்களுடையது. நான்கும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்று இடது பக்கம் திரும்பச் சொல்லும், ஒன்று நேரே போகச் சொல்லும், இன்னொன்று நடு வயலில் 'சேருமிடம் வந்துவிட்டது' என்று அறிவிக்கும். நான் இடப்பக்கம் உட்கார்ந்து எது சரி, எது தப்பு, எது விட்டுப்போனது என்று குறித்துக்கொண்டே வருவேன். வண்டி ஓட்டியவர் செல்வமணி.

செல்வமணிக்கு வீடு தலத்தெருவில், எனக்குக் கோவில்பத்தில். என்னைவிட நாலு வயது இளையவர். இடது கைக்காரர், எழுத்தும் இடப்பக்கமே சாய்ந்திருக்கும். பதினோரு வருடம் ஒரே காரில் போனோம். என் மனைவியோடு பேசியதைவிட அவரோடு பேசியது அதிகம் என்று என் மனைவியே சொல்லுவாள், அதில் கொஞ்சம் குறையும் இருக்கும்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கண் சாலையை நம்பாமல் கோட்டை நம்ப ஆரம்பித்துவிடும், அப்புறம் ஒப்பிடுவதற்கு என்ன இருக்கிறது? செல்வமணி இதை என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டார். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, மெஷின்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு தடுப்பு செய்து வைத்தார். சத்தம் மட்டும் காதில் விழும். "மூணு பொம்பளையும் ஒரு ஆம்பளையும் சண்ட போடுறாங்க சார். நான் எதுலயும் தலையிடாம ஓட்டுறேன்" என்பார். பதினோரு வருடத்தில் அவர் அந்தத் திரைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

சாயங்காலம் என்னைக் கோவில்பத்தில் இறக்கிவிடும்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பார்: "இன்னைக்கு நம்மளுது எத்தனை சார்?"

எத்தனை தப்பு என்று அர்த்தம். மற்ற மூன்றின் தப்பையும் சேர்த்துச் சொன்னால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அடுத்தவன் தப்பு அவனுக்கு. நம்மளத சொல்லுங்க." ஐந்து என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். ஒன்றுமில்லை என்று சொல்லும் அபூர்வ நாட்களில், தெரு முனையில் திரும்பும்போது ஒருதரம் ஹாரன் அடிப்பார். வாசலில் கோலத்தைத் தாண்டிக்கொண்டே நான் சிரிப்பேன்.

நம் ஊரின் வழிகளை மெஷினுக்குப் புரியவைப்பது சாதாரண வேலை இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த துண்டு நிலம், கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும், இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி காரைக்கால் வந்துவிடும். அங்கெல்லாம் நான்கு மெஷின்களும் தடுமாறும். "எந்த ஸ்டேட்ல இருக்கோம்னு இதுங்களுக்குத் தெரியல. எனக்கு ஒயின்ஷாப் போர்டப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்பார் செல்வமணி. இத்தனைக்கும் அவர் குடிக்காதவர்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஜனங்களின் நல்ல மனசு. டீக்கடையில் நின்று, இந்த ரோடு இன்ன ஊருக்குப் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். "போவும் போவும், தாராளமா போவும்" என்பார்கள். போகாது என்று சொல்லி யார் முகத்தையும் வாட வைக்க மாட்டார்கள். சொன்னவர் அந்த வழியில் சைக்கிளில் போயிருப்பார், இல்லை மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். இதில் நாலைந்து தடவை மாட்டிக்கொண்ட பிறகு நான் கேள்வியை மாற்றினேன். "கடைசியா எப்ப போனீங்க? எதுல போனீங்க?" இந்த இரண்டு கேள்வியையும், இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்காமல், வரைபடத்தில் எந்தச் சாலையையும் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பத்து வருடம் அதில் தவறவில்லை.

தவறிய நாளைச் சொல்கிறேன்.

செல்வமணியின் ஒரே மகள் வித்யா. அவள் வாழ்க்கைப்பட்டது நீங்கள் கேட்ட அந்தச் சாலையின் மறுமுனையில் இருக்கும் கிராமத்தில். மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் வயலுக்கு அந்தப் பக்கம் அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஆனால் தார் ரோட்டில் போனால் சுற்றிச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர். அவருக்கு அதில் தீராத மனக்குறை. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தத் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். "பக்கத்துல குடுத்திருக்கேன்னு பேரு. எட்டிப் பாக்க முடியல" என்பார்.

அது சித்திரை மாதம். உளுந்தெல்லாம் எடுத்துவிட்டார்கள். வயல் முழுக்கக் கட்டாந்தரை. உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பங்குனிக் கடைசியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை எங்கள் பக்கம் வயலே சாலைதான். டிராக்டர், லோடு வண்டி, மாப்பிள்ளை அழைக்க வரும் கார், எல்லாம் குறுக்கே போகும். நாலு வண்டி போனால் தடம் விழும், நாற்பது வண்டி போனால் அது தார் ரோட்டைவிட வழவழப்பாகிவிடும். இங்கே பிறந்தவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

அன்றைக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரியும் இடத்தில் செல்வமணி வண்டியை மெதுவாக்கினார்.

"உள்ள தடம் நல்லா விழுந்திருக்கு சார். ஒருதரம் போய்ப் பாப்பமா?"

நான்கு மெஷினிலும் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் பச்சை. போனோம். கெட்டியான மண். நடுவில் ஒரு வாய்க்கால், அதுவும் காய்ந்து கிடந்தது. இறங்கி ஏறினோம். ஆறு நிமிடத்தில் வித்யா வீட்டு வாசல். அவளுடைய மூத்த பெண், அப்போது மூன்று வயது, காரைப் பார்த்ததும் "தாத்தா" என்று ஓடிவந்தாள். செல்வமணி அவளைத் தூக்கிக்கொண்டு நின்றதை இப்போதும் பார்க்கிறேன். மோர் கொடுத்தார்கள். "இனிமே வாரத்துக்கு ஒருதரம் வந்துருவேன்" என்று மகளிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது அந்தத் தடத்தை நம் மெஷினில் பதிந்தேன். போகும்போதும் வரும்போதும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. அடுத்தவர்கள் மூன்று பேரிடமும் இல்லாதது, நம்மிடம் மட்டும் இருக்கும். அலுவலகத்தில் மெச்சுவார்கள். அதைவிட, செல்வமணிக்கு ஒரு சாலை கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. என் இரண்டு கேள்வியையும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்கே தெரியும். நான் இந்த மண்ணில் பிறந்தவன். ஆவணியில் தண்ணீர் வந்ததும் அந்தத் தடம் நாற்றுக்கு அடியில் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வெளியூர்க்காரன் ஒருவன் வந்திருந்தால் வயலைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் திரும்பியிருப்பான். எங்களுக்கு அது பழக்கப்பட்ட விஷயம், அதனால் எழுதிவைக்கத் தோன்றவில்லை. படிவத்தில் மாதம் எழுத இடமும் இல்லை. வயலே இல்லாத ஏதோ ஒரு ஊரில் தயாரித்த படிவம் அது.

அன்று சாயங்காலம், "நம்மளுது எத்தனை சார்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். முனையில் ஹாரன் நீளமாகவே கேட்டது.

அந்த வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வித்யாவுக்கு இரண்டாவது பிரசவம், எட்டாவது மாதம். முதல் பிள்ளையென்றால் அம்மா வீட்டில் இருந்திருப்பாள், இது இரண்டாவது என்பதால் புருஷன் வீட்டில் இருந்தாள். நாங்கள் கும்பகோணத்துப் பக்கம் வேலையில் இருந்தோம். வண்டி ஓடும்போது இரண்டு பேர் போனும் என் மடியில்தான் இருக்கும். மத்தியானம் ஒரு மணி இருக்கும், செல்வமணியின் போன் அடித்தது. மருமகன்.

"மாமா வண்டி ஓட்டுறாரு, என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"வித்யாவுக்கு வலி எடுத்துடுச்சு சார். எட்டு மாசந்தான் ஆவுது. ஆம்புலன்ஸ் வேற கேசுக்குப் போயிருக்காம். திருநள்ளாத்துலேருந்து டாக்சி ஒண்ணு புடிச்சேன். டிரைவர் சேலத்துக்காரர். பத்து நிமிசத்துல வந்துருவேன், மேப்ல காட்டுதுன்னாரு. அரை மணி ஆச்சு சார். வெள்ளத்துல வயலு எது வழி எதுன்னு தெரியாம வாய்க்கா பக்கம் எறங்கிட்டாரு. சக்கரம் பொதைஞ்சு நிக்கிது."

அந்த டாக்சியில் எந்த மெஷின் இருந்தது என்று கேட்கவே தேவையில்லை. அன்றுவரை அந்தக் கோடு திரையில் வந்தது ஒரே ஒரு மெஷினில்தான்.

"வேற வண்டி பாருங்க தம்பி. நாங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றோம்" என்று வைத்தேன். செல்வமணியிடம், "வித்யாவுக்கு வலி. வண்டி வர கொஞ்சம் லேட்டாவுதாம். ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றேன்.

அவர் சரியென்று வண்டியைத் திருப்பினார். மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஒன்றரை மணி நேரம் வைப்பர் சத்தம் மட்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவரிடம் உண்மையைச் சொல்லப் பலமுறை வாயைத் திறந்தேன். இந்த நேரத்தில் சொன்னால் கை நடுங்கும், மழையில் வண்டி ஓட்டுகிறார், போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நெருக்கடியில் எடுத்த முடிவு அது, அப்போது சரியாகவே தோன்றியது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது சொல்வேன்.

அம்பகரத்தூர் தாண்டி அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரியும் இடம் வந்தது. வயல் நடுவில் ஒரு வெள்ளைக் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுற்றிலும் தண்ணீர். கதவு திறந்தே கிடந்தது. டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று போகிற வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். செல்வமணி முதல் கியருக்கு வந்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் கியரை மாற்றிக் கிளம்பிவிட்டார்.

உறவுக்காரர் ஒருவரின் குட்டியானை லோடு வண்டியில் பின்னால் தார்ப்பாயைக் கட்டி, சுற்று வழியில் வித்யாவைக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. "முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருக்கும்னும் சொல்ல முடியாது, பொழைச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வாக்கியத்தை இன்றுவரை நான் இரண்டு பக்கமும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே கோட்டை எடுத்துவிட்டேன். என் தவறு என்று அலுவலகத்துக்கு எழுதினேன். படிவத்தில் எல்லாம் முறையாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது.

பதினேழாம் நாள் செல்வமணி என் வீட்டுக்கு வந்தார். கார் சாவியையும் லாக் புத்தகத்தையும் மேஜைமேல் வைத்தார். கடைசிக் கிலோமீட்டர்வரை எழுதியிருந்தார், இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தில். "இனிமே முடியல சார்" என்றார்.

நான் "சரி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதனிடம் ஒரு சரி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று காலைப் பிடித்திருக்கலாம். போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் வாய் திறந்திருக்கும். அவர் திட்டவில்லை, நான் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை வேறு நாலு டிரைவர்களோடு வேலை செய்தேன். எல்லோரும் நல்ல பிள்ளைகள். சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். நான் உடனே இறங்க மாட்டேன். ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பேன். "என்ன சார், ஏதாச்சும் விட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று இறங்குவேன். எத்தனை என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? அந்த ஒரு கேள்விக்காக நான் ஏங்கியதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மூன்று மெஷின்களின் கதை. நான் கோட்டைப் போட்டதற்கும் எடுத்ததற்கும் நடுவில் ஆறு மாதம். அதற்குள் நம் தகவலை இன்னொரு நிறுவனம் வாங்கிப் போயிருந்தது. அவர்களிடமிருந்து மற்றொருவர், அவர்களிடமிருந்து மூன்றாமவர். மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன். கிடைத்தது, நன்றி என்று மூன்று பேரும் பதில் போட்டார்கள். கோடு அப்படியே இருந்தது. மூன்று மெஷின்கள் சொல்கின்றன என்று நீங்கள் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள். சித்திரையில் நான் செய்த ஒரு தப்பு, மூன்று சாட்சியாகத் திரும்பி வந்து, நீ விட்டுவிட்டாய் என்று என்னையே குற்றம் சொல்கிறது. ஒப்பிடும்போது எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். யார் அங்கே போனார்கள், எந்த மாதம் போனார்கள் என்று கேளுங்கள்.

குழந்தை போன அடுத்த வருடம் ஆவணியில், கடைமடைக்குத் தண்ணீர் வந்த வாரம், மனசு கேட்காமல் அந்த இடத்துக்குப் போனேன். தடம் பிரியும் இடத்தில் ஒரு மூங்கிலில் தகரப் பலகை கட்டியிருந்தது. வெள்ளை பெயின்ட் அடித்து, கறுப்பில்: 'வண்டி போகாது. உள்ளே வாய்க்கால். சுற்றிப் போகவும்.' எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

பலகை தை அறுவடைக்குப் பிறகும் இருந்தது. உளுந்து எடுத்த பிறகு பங்குனிக் கடைசியில் போனேன், காணோம். மறுபடி ஆவணியில் வந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படியே. சாலை இல்லாத மாதங்களில் பலகை இருக்கும், சாலை இருக்கும் மாதங்களில் இருக்காது. யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் வீணாகச் சுற்றவும் விடவில்லை. நான் வாழ்நாளில் ஒப்பிட்ட எந்த மெஷினும் அவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

வருடாவருடம் போய்ப் பார்ப்பேன். பலகையைப் பார்க்கவா போனேன்? அதை நடும்போது அவர் இருப்பாரா என்று பார்க்கத்தான் போனேன். எட்டு வருடத்தில் ஒருமுறையும் வாய்க்கவில்லை. தலத்தெரு எனக்குப் பத்து நிமிட தூரம். அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்ப எனக்கு தைரியம் வரவில்லை.

இந்த வருடம் உங்கள் போன் வந்த மறுநாள் அங்கே போனேன். தண்ணீர் வந்துவிட்டது. நாற்று நட ஆரம்பித்திருந்தார்கள். பலகை இல்லை. ஒரு வாரம் கழித்துப் போனேன். இல்லை. புரட்டாசி பிறந்தும் இல்லை. அப்போது நேராகத் தலத்தெருவுக்குத்தான் போனேன். வழியெல்லாம் என்ன கேள்விப்படப் போகிறோமோ என்ற நினைப்புதான்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்து, "வாங்கண்ணே. இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?" என்றார்.

செல்வமணி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். சர்க்கரை. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள், கட்டுப் போட்டிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கும்தான். கதவுக்குப் பின்னால் பலகை சாய்த்து வைத்திருந்தது. புதுசாக பெயின்ட் அடித்திருந்தார்.

"பாத்தீங்களா, இன்னும் வைக்கல" என்றார், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல. "வண்டி ஓட்டக் கூடாதுங்குறாங்க. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

"நான் கார்லதான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் கதவுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். பிடித்து எழுப்பினேன்.

பலகை பின் சீட்டில். நான் ஓட்ட, அவர் என் பழைய இடத்தில், இடப்பக்கம். வழி எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் போனில் வித்யாவின் ஊருக்கு மேப்பைப் போட்டு அவருக்கு எதிரே மாட்டினேன். அது அந்த மூன்றில் ஒன்று. திருநள்ளாறு தாண்டியது. அதற்கப்புறம் நான் சொன்னேன்.

"அன்னைக்கு மருமகன் போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும். ஒங்ககிட்ட சொல்லல."

"தெரியும் சார்."

"காரைப் பாத்து தெரிஞ்சுக்கிட்டீங்க."

"இல்ல. அதுக்கு முன்னாடியே. டீக்கடக்காரன்கிட்ட கூட எந்த வழியா போனீங்கன்னு கேக்குற ஆளு நீங்க. வண்டி லேட்டாவுதுன்னு மருமவன் சொல்றான், எந்த வழியா வர்றான்னு நீங்க கேக்கவே இல்ல. அப்பவே புரிஞ்சிடுச்சு."

அந்த ஒன்றரை மணி நேரம் இரண்டு பேருமே தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அன்னைக்கு தடத்துல போய்ப் பாப்பம்னு சொன்னவன் நான். ஒங்கள என்ன சொல்றது?" என்றார். "நீங்களா ஏதாச்சும் பேசுவீங்கன்னு பாத்தேன். சாவி குடுக்க வந்தன்னைக்கும் பாத்தேன். சரின்னுட்டீங்க."

எனக்குக் கண் மறைத்தது. வண்டியை ஓரம் கட்டினேன். அதற்குள் அந்த இடமே வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. போன், இடப்பக்கம் திரும்பவும் என்றது. செல்வமணி குனிந்து திரையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவை. காலண்டர் அட்டை இல்லை.

"இதுதானா சார் அது?"

"இதுதான்."

விரலைக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை. "இம்புட்டு மெல்லிசாவா இருக்கும்? நான் பெரிசா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

போனைக் கழற்றி அணைத்தேன்.

இறங்கிப் பலகையை நட்டோம். நான் குழி தோண்ட, அவர் காரில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று சொன்னார். மண்ணை மிதித்து முடித்ததும் கேட்டார்.

"அந்தக் கோட்ட எடுக்க முடியாதா?"

"நம்மளுதுல அன்னைக்கே எடுத்தாச்சு. மத்த மூணுலயும் இருக்கு. இப்ப நம்ம ஆபீசுலயே திரும்பச் சேக்கலாமான்னு கேக்குறாங்க."

"என்ன சொன்னீங்க?"

"எழுதி அனுப்புறேன்னேன்."

"எழுதுங்க. எம்பேரப் போட்டே எழுதுங்க. கதைன்னு நெனச்சிரக் கூடாது பாருங்க."

அதனால்தான் பெயர் போட்டு எழுதுகிறேன். சேர்க்காதீர்கள். ஒரு மார்க் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். மற்ற மூன்று நிறுவனங்களிலும் உங்களுக்கு நண்பர்கள் இருப்பார்கள், கூடப் படித்தவர்கள் இருப்பார்கள். கிழவன் எழுதிய கடிதத்துக்கு நன்றி சொல்லி மூடிவைத்தார்கள். நீங்கள் கேட்டால் செய்வார்கள். ஐப்பசி வருகிறது. காலில் இரண்டு விரல் இல்லாத ஒருவர் இனிமேல் வருடாவருடம் பலகை சுமக்க முடியாது. எனக்கும் வயதாகிறது.

தலத்தெருவில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பழக்கதோஷம், எஞ்சினை அணைத்தேன். அவர் உடனே இறங்கவில்லை. கதவில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு நம்மளுது எத்தனை சார்?"

ஒன்பது வருடம்.

"ஒண்ணு" என்றேன்.

தலையாட்டினார். அவர் மனைவி வந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். தெரு முனையில் திரும்பும்போது என் கை தானாக ஹாரனுக்குப் போனது. அடிக்காமல் கையை எடுத்துக்கொண்டேன். அந்த மூன்றிலிருந்தும் கோடு போன அன்றைக்கு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். தலத்தெருவுக்குப் போய் அடித்துவிட்டு வருகிறேன்.